‘வலிக்கும்’ என்று சொன்ன பேச்சித்தாய்

தென்காசியில் இலஞ்சிக்குப் போகிற சாலையில் அப்போது ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே பிள்ளைகள் வார்டுக்கு ஆயாவாக வந்து சேர்வதற்கு முன்னால் பேச்சித்தாய் மூன்று வேலைகளைப் பறிகொடுத்திருந்தாள். மூன்றிலும் அவள்மேல் திருட்டுப் பட்டமோ சோம்பேறிப் பட்டமோ கிடையாது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதுதான் கோளாறு.

அது ஒரு விரதம் என்றோ கொள்கை என்றோ யாரும் நினைத்துவிடக் கூடாது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குச் சீட்டியடிக்க வராது. அந்த மாதிரிதான். முயற்சி பண்ணாமலும் இல்லை. பொய்யை நாக்கு நுனி வரைக்கும் கொண்டுவந்துவிடுவாள். அங்கே வந்ததும் அது மாடு மாதிரி மிரண்டு நின்றுவிடும். பின்னாலிருந்து உண்மை அதை முட்டித் தள்ளிக்கொண்டு வெளியே குதித்துவிடும்.

முதல் வேலை குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவில், சமையல்கட்டு எடுபிடியாக. மதுரையிலிருந்து சாரலுக்கு வந்திருந்த வக்கீல் ஒருவர் இலையில் உட்கார்ந்துகொண்டு, “இட்லிக்கு மாவு இன்னைக்கு அரைச்சதுதானே?” என்று சும்மா பேச்சுக்குக் கேட்டார். “இல்ல ஐயா, முந்தாநாளு அரைச்சது. புளிச்சிட்டுன்னு சோடா உப்பு போட்டிருக்கு” என்றாள் பேச்சித்தாய். சாயங்காலம் அவள் வீட்டில் இருந்தாள்.

இரண்டாவது, கீழப்பாவூரில் ஒரு பண்ணை வீட்டில் நெல் குத்துகிற வேலை. அந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கொல்லைப் பக்கம் வந்து, “பொண்ணு எப்படி, கோவக்காரியா?” என்று காதோடு கேட்டாள். பேச்சித்தாய் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் கண் போய்க் கிணற்றடியில் நெளிந்து கிடந்த செம்பின் மேல் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் தாயாரும் அந்தச் செம்பைப் பார்த்தாள். கல்யாணம் நடக்கவில்லை.

மூன்றாவது தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை. “சாயம் போகுமா?” என்று யாரோ கேட்டார்கள். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

அவள் புருஷன் சங்கரபாண்டி தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் மாட்டுவண்டி அடிக்கிறவன். அவன் வண்டியில் அடிக்கடி ஏறுகிறவர் தர்ம ஆஸ்பத்திரி கம்பவுண்டர் துல்கர்னைன். மனைவிக்கு ஒரு வேலை வேண்டும் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தான். 1933ஆம் வருஷம் ஆனி மாதம் ஒருநாள், “பிள்ளைய வார்டுக்கு ஒரு ஆள் வேணும்” என்று அவரே வந்தார்.

“என்ன வேலை அண்ணாச்சி?” என்று கேட்டாள் பேச்சித்தாய்.

“பெருக்கணும், கஞ்சி ஊட்டணும், படுக்கையில மோண்டா துணி மாத்தணும். ஓடுத புள்ளைய மறிக்கணும், கடிக்கித புள்ளைய பிடிக்கணும். ஊசி போடும்போது பக்கத்துல நின்னு வலிக்காதுன்னு சொல்லணும்.”

“வலிக்குமா?”

“வலிக்கத்தான் செய்யும்.”

சங்கரபாண்டி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். நான்காவது வேலையும் போய்விட்டது என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் வார்டில் எட்டு இரும்புக் கட்டில்கள். டாக்டர் முத்துக்குமாரசாமி எல்.எம்.பி. படித்தவர், நல்ல கைராசிக்காரர், மெலிந்த உடம்பு. அவர் வார்டுக்குள் காலை வைத்ததும் எட்டுக் கட்டிலும் ஒரே சமயத்தில் அழ ஆரம்பிக்கும். பேச்சித்தாய் வேலைக்குச் சேர்ந்த அன்று மூன்றாவது கட்டிலில் இருந்தவன் சுடலைமாடன், எட்டு வயது. தொடையில் வந்திருந்த பெரிய கட்டியைக் கீறிச் சீழெடுத்து, புண்ணுக்குள் துணித்திரி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் பழைய திரியை உருவிவிட்டுப் புதுத் திரி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்த ஐந்து நாளில் அவன் கம்பவுண்டரின் கட்டைவிரலையும், வார்டு பெருக்குகிறவரின் முழங்கையையும், சொந்தத் தாய்மாமன் காதையும், டாக்டரின் கைக்கடிகார வாரையும் கடித்திருந்தான். நாலு பேர் சேர்ந்து அமுக்கினால்தான் கட்டு மாற்ற முடியும்.

“ஒண்ணுமில்லடா. எறும்பு கடிச்ச மாதிரிதான். வலிக்கவே வலிக்காது” என்றார் டாக்டர், இடுக்கியை எடுத்துக்கொண்டே.

சுடலைமாடன் வார்டில் இருந்த முகங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தான். எல்லாம் ஏற்கெனவே பொய் சொன்ன முகங்கள். ஒரே ஒரு முகம்தான் புதிது.

“வலிக்காதா?” என்று பேச்சித்தாயைக் கேட்டான்.

கம்பவுண்டர் கண்ணால் சாடை காட்டினார். பொய்யைச் சொல்லத்தான் பேச்சித்தாய் வாயைத் திறந்தாள்.

“வலிக்கும்லே” என்றாள்.

அழுதுகொண்டிருந்த மற்றக் கட்டில்கள்கூட அழுகையை நிறுத்தின. டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது.

“எறும்பு கடிச்ச மாதிரியா?”

“எறும்பு இல்ல. எனக்குக் கக்கத்துல கட்டி வந்து இப்படித்தான் கீறுனாவ. தேள் கொட்டுனதுல பாதி இருக்கும்.”

“எம்புட்டு நேரம் வலிக்கும்?”

“அது எனக்குத் தெரியாது. ஐயாட்ட கேக்குதேன்.” அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். “ஐயா, எம்புட்டு நேரம் வலிக்கும்?”

பதினோரு வருஷ வைத்தியத்தில் டாக்டரை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. யோசித்துப் பார்த்து, “இருபது எண்ணறதுக்குள்ள முடிச்சுடலாம்” என்றார்.

“கேட்டியாலே? இருபது. கத்தணும்னா கத்து, அழணும்னா அழு. கடிக்க மட்டும் கூடாது. கடிச்சா ஐயா கை ஆடும். கை ஆடுனா இன்னும் வலிக்கும். பல்லு சும்மா இருக்காதுன்னா இந்தா, இதைக் கடி.” ஒரு துண்டைச் சுருட்டி அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

“துண்டைக் கடிச்சா எப்படி எண்ணுததாம்?”

நியாயமான கேள்வி. பேச்சித்தாயே எண்ணுவது, அவன் விரலை மடக்கிச் சரிபார்ப்பது என்று முடிவாயிற்று. ஒருவரும் அமுக்கவில்லை. டாக்டர் ஆரம்பித்தார். சுடலைமாடனின் கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடியது. தொண்டைக்குள் கன்றுக்குட்டி மாதிரி ஒரு சத்தம். ஆனால் கால் அசையவில்லை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. டாக்டர் நிமிரவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று. பையன் துண்டைத் துப்பினான்.

“இருபதுன்னிய!”

பேச்சித்தாயும் டாக்டரைப் பார்த்தாள். “ஆமாய்யா, இருபதுன்னுதான் சொன்னிய.”

டாக்டர் முத்துக்குமாரசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “தப்புதான்டா. நாளைக்கு முப்பதுன்னு வச்சுக்குவோம்” என்றார்.

மறுநாள் இருபத்தாறிலேயே முடிந்துவிட்டது. மிச்சம் நாலு தனக்கு லாபம் என்று சுடலைமாடன் பகல் முழுக்கப் பக்கத்துக் கட்டில்களிடம் பீற்றிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து டாக்டர் எதற்கும் நாலைந்து கூடவே சொல்லப் பழகிக்கொண்டார்.

“வேலைக்கு வந்த மொத நாளே டாக்டரத் தப்புன்னு சொல்ல வச்சிட்டியே தாயி” என்றார் துல்கர்னைன், மருந்தறை வாசலில். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் அது ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

பேச்சித்தாய் மூன்றாம் நாள் மருந்தறைக்கு வந்து, எல்லா மிக்சரிலும் ஒவ்வொரு கரண்டி வேண்டும் என்றாள். “பிள்ளைய எப்படி இருக்கும்னு கேட்டா சொல்லணும்லா?” ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தாள். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னாவுக்கு அவள் கண்டுபிடித்த விளக்கம்: “வேப்பங்கொழுந்தைத் துருப்பிடிச்ச ஆணியோட அரைச்ச மாதிரி.” பிள்ளைகளிடம் போய் அதையே சொன்னாள். “கம்பவுண்டர் மாமா தேன் மாதிரி இருக்கும்னாரே?” என்றது ஒரு குழந்தை. எட்டுக் கட்டிலும் துல்கர்னைனைத் திரும்பிப் பார்த்தன. மனிதர் என்ன செய்வார்? பன்னிரண்டு வருஷமாகக் கலக்கிய மிக்சரை வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் முகம் போன போக்கு இருக்கிறதே, அதைப் பார்த்து வார்டு முழுக்கக் கைகொட்டிச் சிரித்தது. காய்ச்சலில் இரண்டு நாளாகக் கண் திறக்காத ஒரு குழந்தைகூட எழுந்து உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் என்ன, கம்பவுண்டர் மாமா முதலில் குடித்தால்தான் நாங்கள் குடிப்போம் என்று ஆகிவிட்டது. விளக்கெண்ணெய் முறை வந்த நாளில் துல்கர்னைன் லீவு போட்டார்.

இதையெல்லாம் வைத்து அவளை இளகின மனசுக்காரி என்று நினைத்தால் தப்பு. அவளிடம் செல்லம் கொஞ்சல் கிடையாது. ஆய்க்குடியிலிருந்து செல்லச்சாமி என்று ஒரு சிறுவன் வந்திருந்தான். கோபம் வந்தால் கட்டில் கம்பியில் தலையை முட்டுவான். எல்லாரும் பதறி ஓடிவருவார்கள். அவன் இன்னும் பலமாக முட்டுவான். பேச்சித்தாய் கம்பிக்கும் தலைக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகிவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். “முடிஞ்சதும் சொல்லுலே. உன்கிட்ட ஒரு சோலி இருக்கு” என்றாள். தலையணையில் முட்டுவதில் என்ன சுகம்? கொஞ்ச நேரத்தில் “என்ன சோலி?” என்று கேட்டான். “கொட்டை எடுக்கணும்” என்று புளியை அவன் பக்கம் தள்ளினாள். ஒரு மாதத்தில் முட்டுவது நின்றுபோயிற்று. வார்டில் புளியங்கொட்டை குவிந்துபோயிற்று.

இந்தச் சமயத்தில்தான் வடகரையிலிருந்து மெஹர் பானு வந்தாள். ஆறு வயது. தென்னந்தோப்பு மதிலில் ஏறி நடந்து, விழுந்து, தொடை எலும்பு முறிந்துவிட்டது. காலுக்குப் பலகை வைத்துக் கட்டி, கட்டில் முனையில் மணல் மூட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். காலை அசைக்கவே கூடாது. அவளுடைய வாப்பா தேங்காய் வியாபாரி. உம்மா ஹைருன் பீவி நிறைமாசமாக இருந்ததால் கூட வர முடியவில்லை. “உம்மா நாளைக்கி வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போனார் வாப்பா. மறுநாளும் வந்து அதையே சொன்னார். நாலாம் நாள் அங்கே வடகரையில் ஆண் குழந்தை பிறந்தது. அதற்குப் பிறகும் அவர் “நாளைக்கி” என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மெஹர் பானு கைக்கு எட்டியதையெல்லாம் எறிந்தாள். டம்ளர், தட்டு, தலையணை, பக்கத்துக் கட்டிலின் பொம்மை. எறிய ஒன்றுமில்லாதபோது காலை உதறினாள். மணல் மூட்டை ஊஞ்சலாடியது.

டாக்டர் பேச்சித்தாயைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி பிறந்த சேதி அவளுக்குத் தெரிய வேண்டாம்னு அவ அப்பா சொல்றார். ஏங்கிப்போய்க் காலை இன்னும் ஆட்டினா எலும்பு கோணலா சேர்ந்துடும். நீ பொய் சொல்ல வேண்டாம். வாயைத் திறக்காம இரு, போதும். முடியுமா?”

“முயற்சி பண்ணுதேன் ஐயா.”

அவள் கண்ட வழி வெற்றிலை. காலையில் வார்டுக்குள் நுழையும்போதே நாலு வெற்றிலையை மடித்து வாய் நிறைய அடக்கிக்கொள்வாள். யார் என்ன கேட்டாலும் கையால் சாடை. பேச்சியக்காவுக்குப் பல்வலி என்று சுடலைமாடன் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டான். இப்படியே ஏழு நாள் ஓட்டினாள். அவளுக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையிலேயே பெரிய பாடு அதுதான்.

எட்டாம் நாள் வாப்பா வந்தார். “உம்மா நாளைக்கி...” என்று ஆரம்பிக்கும்போதே கஞ்சிக் கிண்ணம் பறந்தது. அவர் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற டாக்டர் குனியவில்லை.

சுடலைமாடனுக்குப் புண் ஆறிவிட்டிருந்தது. மறுநாள் வீட்டுக்குப் போகிறவன். வார்டில் மூத்தவன் என்ற தோரணை. “ஏட்டி, அவர்ட்ட ஏன் கேக்க? பேச்சியக்காட்ட கேளு. அவளுக்குப் பொய் சொல்ல வராது” என்றான்.

மெஹர் பானு திரும்பினாள். “அக்கா, உம்மா நாளைக்கி வருவாவளா?”

வாப்பா பேச்சித்தாயைப் பார்த்தார். சட்டையில் கஞ்சி வழிய நின்ற டாக்டரும் அவளைப் பார்த்தார். பேச்சித்தாய் ஜன்னலைப் பார்த்தாள், உத்தரத்தைப் பார்த்தாள், வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். அப்புறம் வெளியே போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு, முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வரமாட்டாவ” என்றாள்.

மெஹர் பானு கத்திய கத்தலில் எதிரே மிட்டாய்க் கடைக்காரர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். பேச்சித்தாய் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “கத்து. எம்புட்டு வேணும்னாலும் கத்து. காலை மட்டும் ஆட்டாத.” கத்தல் அழுகையாகி, அழுகை விக்கலாகி, கடைசியில் “ஏன்?” என்று வந்தது.

“உனக்குத் தம்பி பொறந்திருக்கான். இன்னைக்கோட பதினோரு நாளாச்சி. பெத்தவிய நாப்பது நாள் வெளிய வரக்கூடாதுல்லா.”

மெஹர் பானு வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

“நான் இல்லாதப்பவா பொறந்தான்?” என்றாள். குரலில் பெரிய மனத்தாங்கல்.

“ஆமா.”

“அவனுக்கு நடக்கத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்கும் இப்பம் நடக்க முடியாது.” பலகை கட்டிய காலைப் பார்த்தாள். “யாரு மொதல்ல நடப்பா?”

“நீதான். அதுல சந்தேகமே இல்ல.”

அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “கஞ்சி எங்க?” என்று கேட்டாள்.

“டாக்டர் சட்டையில” என்றான் சுடலைமாடன்.

பேச்சித்தாய் புளியங்கொட்டைக் குவியலிலிருந்து இருபத்தொன்பது கொட்டைகளை எண்ணி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டு அவள் தலைமாட்டில் வைத்தாள். தினமும் காலையில் ஒன்றை எடுத்து ஜன்னல் வழியே எறிய வேண்டும். சிரட்டை காலியானால் உம்மா வந்துவிடுவாள். எறிகிற ஆசைக்கும் அது வடிகாலாக இருந்தது.

அன்று சாயங்காலம் டாக்டர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பேச்சித்தாயைக் கூப்பிட்டார்.

“நான் என்ன சொன்னேன்?”

“வாயத் தொறக்காதன்னிய.”

“நீ என்ன பண்ணின?”

“தொறந்துட்டேன்.”

“இந்த மாசத்தோட நின்னுக்கோ. வேற ஆளைப் பார்த்துக்கறேன்.”

பேச்சித்தாய்க்கு மூன்று தடவை வேலை போயிருக்கிறது. ஒருதடவைகூட அழுததில்லை. இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரிய்யா” என்றாள். “ஆனா அந்தக் கொட்டைய யாராவது கூட நின்னு எண்ணணும். காரியக்காரி, ரெண்டு ரெண்டா எறியப் பாப்பா. விட்டுராதிய.”

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் மெஹர் பானுவின் கால் அசையவில்லை. ஒருநாள் இரண்டு கொட்டைகளை எறிந்துவிட்டாள்; பேச்சித்தாய் தோட்டத்தில் தேடி ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து சிரட்டையில் போட்டாள். டாக்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முதல் தேதி வந்தது. வேறு ஆளும் வரவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை. சாமர்த்தியமுள்ளவள் என்றால் சத்தமில்லாமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பாள். பேச்சித்தாய் நேரே போய், “ஐயா, நான் போகணுமா, இருக்கணுமா?” என்று கேட்டு நின்றாள்.

டாக்டர் மெஹர் பானுவின் காலை அளக்கிற நாடாவைச் சுருட்டிக்கொண்டே, “எலும்பு நேராத்தான் சேருது” என்றார்.

“அதில்லய்யா. நான்...”

“இரும்மா. இரு. எத்தனை தடவை சொல்றது?” என்றார். அவர் அதற்கு முன்னால் ஒருதடவைகூடச் சொல்லவில்லை. அதையும் அவள் சொல்லிக் காட்டியிருப்பாள். துல்கர்னைன் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

சிரட்டை காலியான அன்று சங்கரபாண்டியின் வண்டியிலேயே ஹைருன் பீவி கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். மெஹர் பானு உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அப்புறம் துணியை விலக்கித் தம்பியை உற்றுப் பார்த்தாள். “இம்புட்டுத்தானா? இதுக்கா நாப்பது நாளு?” என்றாள்.

அவள் ஊருக்குப் போகிற அன்று இன்னொரு சிக்கல் முளைத்தது. “அக்கா, எங்க வீட்டுக்கு வருவியா?” என்று கேட்டுவிட்டாள். இந்த மாதிரிக் கேள்விக்கு உலகத்தில் எல்லாரும் வருவேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோவார்கள். பேச்சித்தாய் வடகரை எவ்வளவு தூரம், தனக்கு லீவு என்றைக்கு, மாடுகள் என்ன நிலையில் இருக்கின்றன என்றெல்லாம் யோசித்துவிட்டு, “அடுத்த ஞாயித்துக்கெழமை முடியாது. அதுக்கடுத்த ஞாயிறு வருதேன்” என்றாள். சொன்னபடி போனாள். மெஹர் பானு வாசல் வரைக்கும் நடந்து வந்து கூட்டிக்கொண்டு போனாள்.

இது பரவிவிட்டது. வார்டை விட்டுப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் வருவியா என்று கேட்டது. மாதத்தில் இரண்டு ஞாயிறு அவளுக்கு லீவு. இரண்டும் ஆய்க்குடி, கீழப்பாவூர், செங்கோட்டை என்று வண்டியிலேயே கழிந்தது. பிள்ளையைப் பார்ப்பாள், தழும்பைப் பார்ப்பாள், ஒரு டம்ளர் மோர் குடிப்பாள், கிளம்பிவிடுவாள். சில வீடுகளில் எதற்கு வந்திருக்கிறாள் என்றே புரியாமல் விழிப்பார்கள். “வருதேன்னு சொன்னேன், வந்தேன்” என்பாள். சங்கரபாண்டி, “வரமாட்டேன்னு ஒருதரம் சொல்லிப் பழகேன்ட்டி. அதுவும் உண்மைதானே?” என்று கெஞ்சிப் பார்த்தான். சொல்லத்தான் செய்தாள், இரண்டு மூன்று தடவை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே வண்டிக்குச் சொல்லிவிடுவாள்.

பதிமூன்று வருஷம் இப்படியே போயிற்று. எட்டுக் கட்டில் பதினாறாயிற்று. டாக்டருக்குத் தலை நரைத்தது. புது நர்ஸ்கள் வரும்போது, “முதல் ஒரு வாரம் பேச்சித்தாய் பக்கத்துல நில்லுங்க. அவ பேசறதைக் கேளுங்க” என்பார். அவள் பேசுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு முதலில் புரியாது.

1946ஆம் வருஷம் ஆடி மாதத்தில் அதிசயமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை எந்த ஊருக்கும் வாக்குக் கொடுக்காமல் மிஞ்சியது. “இன்னைக்கு எனக்கு” என்று சொல்லிவிட்டான் சங்கரபாண்டி. ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சீசன் பங்களாவில் வேலை பார்த்த காலத்தில்கூட அவள் அருவியில் நிதானமாக நின்று குளித்ததில்லை. அன்று தண்ணீர் தலையில் இறங்க இறங்க நெடுநேரம் நின்றாள். உதடு நீலம் பாரித்தது. வெளியே வந்து கொதிக்கக் கொதிக்கக் காப்பி குடித்தார்கள்.

திரும்பும்போது சாரல் பொழிந்துகொண்டிருந்தது. மாடுகள் தாமாகவே நடந்தன. சங்கரபாண்டி வழக்கம்போல உரக்கப் பாடிக்கொண்டு வந்தான். திடீரென்று நிறுத்திவிட்டு, “ஏட்டி, என் பாட்டு எப்படி இருக்கு?” என்றான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவன் இதைக் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பேச்சித்தாய் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தாள்.

“நல்லா இல்ல” என்றாள். “குரலு ஒரு பக்கம் போவுது, தாளம் ஒரு பக்கம் போவுது.”

சங்கரபாண்டி மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். இலஞ்சி விலக்கு வரைக்கும் வண்டியில் சத்தமே இல்லை.

“ஏன் நிறுத்திட்டிய?” என்று கேட்டாள் அவள்.

“நல்லா இல்லன்னியே.”

“நல்லா இல்லன்னுதான் சொன்னேன். நிறுத்துங்கன்னா சொன்னேன்? பாடுங்க.”

அவன் திரும்பி அவள் முகத்தை ஒருதரம் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்னைவிட உரக்க ஆரம்பித்தான். ஸ்டேஷன் முக்கில் குடை பிடித்து நின்றிருந்த இரண்டு பேர் பதறி விலகி வழி விட்டார்கள்.